கையைக் கீழ போடுங்க சார்

கையைக் கீழ போடுங்க சார். கும்புட வேண்டாம். அதோ முன்னால ஜன்னலோரமா தலையைச் சாய்ச்சிக்கிட்டு உக்காந்திருக்கே, நெத்தி பூரா குங்குமத்தோட, அது என் பொண்ணு. பேரு தையல்நாயகி. நன்னிலத்துல உரக்கடை வச்சிருக்கற கலியமூர்த்தியோட பொண்ணு, வேற ஒண்ணும் இல்லை. நீங்களும் காலையில அந்தத் தெருவுல இருந்தீங்களா? அதான் பஸ்ல ஏறினதும் அவளைப் பாத்துட்டு கையெடுத்துட்டீங்க. பரவாயில்லை, உக்காருங்க. இந்தப் பையை மட்டும் கொஞ்சம் பாத்து நகத்துங்க. உள்ள ஒரு மாம்பழம் இருக்கு, நசுங்கிடப் போவுது.

மெட்ராஸா நீங்க? இந்த மாம்பழம் வீசற திருவிழா பாக்கன்னே வந்தீங்களா? நல்ல ஊருதான் சார் காரைக்கால். சின்ன ஊரு, ஆனா வருஷம் பூரா ஏதாவது ஒரு கொடி ஏறிக்கிட்டே இருக்கும். தர்கா கந்தூரின்னா நம்மாளுங்க பிள்ளைகளைத் தோள்ல வச்சிக்கிட்டு ரதம் பாக்க நிப்பாங்க. மாதா கோயில் தேருன்னா பாயி வீட்டுப் பொம்பளைங்க மாடியிலேருந்து பாப்பாங்க. ஜூலை மாசத்துல ஒரு நாள் பிரெஞ்சுக் கொடி வேற ஏத்துவாங்க. பாத்துட்டுப் போறவங்களுக்கு அதைவிட நல்ல ஊரு கிடையாது. பொண்ணு குடுத்தவன் பாடு வேற.

பிரெஞ்சு மாப்பிள்ளை சார். நானாத் தேடிப் புடிச்ச எடம். சம்பந்தி முருகையன் பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு. அந்த மாதிரி ஆளுங்களை அங்க சொல்தான்னு சொல்லுவாங்க, சொல்தா வீடுன்னாலே தனி மரியாதை. குடும்பத்தோட பிரெஞ்சுக் குடியுரிமை. பையன் செல்வமுத்து பாரீஸ்ல ஏதோ கம்பெனியில இருந்தாரு. நிச்சயதார்த்தத்துக்குச் சம்பந்தி மெடலெல்லாம் குத்திக்கிட்டு வந்தாரு. வெத்தலபாக்கு மாத்தறப்ப என் கையைப் புடிச்சிக் குலுக்கி 'மெர்சி'ன்னாரு. நான் திரும்பி என் பங்காளிங்க மூஞ்சியைப் பாத்தேன். அடேயப்பா, அதைப் பாத்த சந்தோஷம் எனக்கு அதுக்கப்புறம் எதுலயும் கிடைக்கலை.

அவளுக்கு அப்ப பி.எட். படிக்கணும்னு ஆசை. டீச்சர் ஆவணுமாம். பாரீஸுக்குப் போயி நீ யாருக்கும்மா அ ஆ சொல்லித்தரப் போறேன்னு சிரிச்சேன். அவளும் சிரிச்சா. அப்பல்லாம் நல்லாச் சிரிப்பா.

கல்யாணம் ஆனி மாசம். ஆடி பொறக்கறதுக்குள்ள மாப்பிள்ளை பிளேன் ஏறிட்டாரு. விசா பேப்பர் வரும், வந்ததும் கூப்புட்டுக்கறேன்னாரு. இவ மாமியார் வீட்டுல பேப்பருக்குக் காத்திருந்தா. அப்புறம் சம்பந்தியம்மாவே, பொறந்த வீட்டுல இருந்தா பிள்ளைக்கு மனசுக்கு நல்லாருக்கும்னு கொண்டாந்து விட்டாங்க. அப்புறம் போன் கொறைஞ்சிது. அப்புறம் நம்பர் மாறிடுச்சு. ஆறு வருஷம் ஓடிப்போச்சு சார்.

நடுவுல ஒரு வக்கீலைப் போயிப் பாத்தேன். அவரு ஒரு விஷயம் சொன்னாரு பாருங்க, அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு எறங்கலை. மாப்பிள்ளை அந்தக் கல்யாணத்தை அவங்க சர்க்கார்ல பதியவே இல்லையாம். பிரெஞ்சுக் கணக்குல அவரு கல்யாணமே ஆகாதவரு. நம்ம கணக்குல இவ கல்யாணம் ஆனவ. ஒரே கல்யாணம் சார், ஒரே பந்தல், ஒரே சாப்பாடு. அவருக்கு நடக்கலை, இவளுக்கு மட்டும் நடந்திருக்கு.

மாப்பிள்ளைன்னு இன்னும் மரியாதையா சொல்றானேன்னு பாக்கறீங்களா? நாக்கு பழகிடுச்சு சார். மரியாதையை நாம விட்டுட்டா அப்புறம் என்ன இருக்கு.

எங்க வீட்டுல, விட்டுடுங்க, அவ பாட்டுக்கு ஏதாவது வேலைக்குப் போவட்டும்னு புலம்பிக்கிட்டே இருந்தா. பக்கத்து ஸ்கூல்லேருந்து இவளைக் கேட்டாங்க, சின்னப் பிள்ளைங்க வகுப்புக்கு. நான்தான் ஒத்துக்கலை. பிரெஞ்சுக்காரர் பொண்டாட்டி நன்னிலத்துல பிள்ளைங்களுக்கு மூக்கு சிந்தி விடறான்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா, அது அங்க போயி எட்டுச்சுன்னா, மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கும்? அந்த நல்ல எண்ணத்துலதான். அவ கொஞ்சம் கொஞ்சமா மெலிஞ்சிட்டா. அதுவா மெலியற உடம்பு, அவங்க அம்மா வழி.

போன வாரம் ஹமீது மரைக்காயர் போன் பண்ணினாரு. பழைய சிநேகிதம் எங்களுக்கு. அந்தத் தெருவுலயே பழக்கடை வச்சிருக்காரு, திருவிழாவுக்கு வீசற பழத்துல பாதி அவரு கடையிலேருந்து போறதுதான். மனுஷன் போன்ல ரொம்ப நேரம் பருவமழையைப் பத்திப் பேசினாரு. அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னாரு, உங்க சம்பந்தி வீட்டுலேருந்து கூடை கூடையா பழம் சொல்லியிருக்காங்க, ஏதோ வேண்டுதலாம், பையன் வேற வந்திருக்காருன்னு.

எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு சார். மாப்பிள்ளை வந்திருக்காரு. வேண்டுதல் வேற. அந்தத் திருவிழாவுல வேண்டுதல்னா பிள்ளைதானே? மருமகளுக்குப் புள்ள பொறக்கணும்னு நேந்துக்கிட்டுப் பழம் வீசறாங்க, அவளை அழைச்சிக்கிட்டுப் போவத்தான் ஆளு வந்திருக்குன்னு வீட்டுல போயி சொன்னேன். எங்க வீட்டுல விளக்கே ஏத்திட்டா. தையலு மட்டும் அடுப்படியிலேருந்து எட்டிப் பாத்து, 'அப்பா, புள்ள வேணுங்கறவங்க பழத்தைப் புடிப்பாங்க. வீசறவங்க யாரு?'ன்னா. நான் அதைக் காதுலயே வாங்கலை. ஆறு வருஷம் கழிச்சி ஒரு நல்ல சேதி வந்திருக்கு, அதுல போயி கேள்வி கேட்டுக்கிட்டு.

உங்களுக்குத் தெரியாதா? புள்ள வேணும்னு நெனைக்கறவங்க மடியை ஏந்திப் புடிப்பாங்க. புடிச்ச பழத்தைத் தின்னு, புள்ள பொறந்துட்டா, மறு வருஷம் அவங்க கூடை வாங்கி வீசுவாங்க. கிடைச்சவங்கதான் சார் வீசுவாங்க. இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அன்னைக்குத் தெரியலை.

வரமாட்டேன்னா முதல்ல. அப்புறம் வரேன்னா, ஆனா ஒரு கண்டிஷன். 'நான் அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேப்பேன். முடிஞ்சிதா, இருக்கா? அவ்வளவுதான். நாலு பேரு எதிர்ல அவரு வாயால சொல்லணும். முடிஞ்சிதுன்னு சொன்னா நான் திரும்பிப் பாக்காம வந்துடுவேன், ஸ்கூலுக்குப் போறேன். நீங்க நடுவுல பேசக்கூடாது'ன்னா. சரின்னேன். முடிஞ்சிதுன்னு சொல்லமாட்டாருன்னு எனக்கு ஒரு நம்பிக்கை. ஆளைப் பாத்துட்டா, தாலியைப் பாத்துட்டா, மனசு எளகாதா?

இன்னைக்குக் காலையில ஹமீது மரைக்காயர் அவரு கடை வாசல்ல எங்களுக்கு எடம் புடிச்சி வச்சிருந்தாரு. கடைக்கு நேர் எதிர்ல சம்பந்தி வீடு. கூட்டம்னா கூட்டம், நீங்கதான் பாத்தீங்களே. பிச்சாண்டவர் சப்பரம் வந்துச்சு, கற்பூரம் காட்டினாங்க, சாமி நகந்துச்சு. நகந்த ஒடனே மாடியிலேருந்து பழமா கொட்ட ஆரம்பிச்சிது. மண்டையில விழுது, தோள்ல விழுது, ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறறாங்க. நான் துண்டை விரிச்சிப் புடிச்சிக்கிட்டு நின்னேன். எனக்கு எதுக்கு வெக்கம், பொண்ணுக்காகத்தானே. டொப்புன்னு ஒண்ணு வந்து துண்டுக்குள்ள விழுந்துச்சு. எங்கேருந்துடா வந்துச்சுன்னு நிமிந்து பாத்தா, எதிர் மாடிக் கைப்பிடிச் சுவத்தோரமா மாப்பிள்ளை நிக்கறாரு. அவரு கையால வீசின பழம் சார். என் மாப்பிள்ளை கையால வீசி, என் துண்டுல விழுந்திருக்கு. அதுதான் இந்தப் பைக்குள்ள இருக்கறது.

அப்பத்தான் பக்கத்துல பாத்தேன். ஒரு பொண்ணு. அது இடுப்புல ஒரு குழந்தை, ரெண்டு வயசு இருக்கும், பொம்பளப் பிள்ளை. அந்தக் குழந்தை கையில ஒரு பழத்தைக் குடுத்து, கையைப் புடிச்சிச் சேந்து வீசினாங்க. பழம் ரொம்ப தூரம்கூட போவலை. மூணு பேரும் சிரிச்சாங்க.

அந்தப் பொண்ணு ஏதோ ரீயூனியன்னு ஒரு தீவாம், அந்தப் பக்கம். நம்மாளுங்க எந்தக் காலத்துலயோ கரும்பு வெட்டப் போன ஊராம். பேரு மரி வேலாயுதமாம், மரைக்காயர்தான் விசாரிச்சிச் சொன்னாரு. கழுத்துல சிலுவை, நெத்தியில பொட்டு, பட்டுப்புடவை கட்டத் தெரியாம கட்டியிருந்துச்சு. தமிழ் ஒரு வார்த்தை வராது. பாவம், அதுக்கு என்ன தெரியும். அதைத் திட்டலாம்னு எத்தனையோ தடவை வாயைத் தொறந்து பாத்துட்டேன், வார்த்தை வரமாட்டேங்குது.

தையலு என்னைத் திரும்பிப் பாத்தா. 'வீசறவங்க யாருன்னு பாத்தீங்களாப்பா'ன்னா. கோவமே இல்லை அவ கொரல்ல. கேட்டுட்டு நேரா தெருவைக் கடந்து போறா. அவ்வளவு கூட்டத்துல எப்படித்தான் வழி கெடைச்சிதோ. நான் பழத்தைத் துண்டுல சுத்திக்கிட்டுப் பின்னால ஓடினேன்.

வாசப்படியில சம்பந்தியம்மா நின்னாங்க, சாமிக்குக் காட்டின கற்பூரத் தட்டு கையோட. இவளைப் பாத்ததும் மூஞ்சி சுண்ணாம்பாப் போச்சு. மாப்பிள்ளை மாடியிலேருந்து எறங்கி வந்தாரு, பின்னாலயே அந்தப் பொண்ணும் குழந்தையும். இவ தெருவுல, அவங்க படியில. சுத்தி மடியில பழத்தைக் கட்டிக்கிட்ட பொம்பளைங்க.

தையலு, 'உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்'னா.

அவ்வளவுதான் சார் அவ பேசினது. மாப்பிள்ளை இந்தப் பக்கம் பாத்தாரு, அந்தப் பக்கம் பாத்தாரு. தெரு பூரா ஜனம். அப்படியே படியிலேருந்து எறங்கி, நெடுஞ்சாண்கிடையா அவ கால்ல விழுந்துட்டாரு.

மன்னிப்புக் கேக்கறாருன்னுதான் முதல்ல நான் நெனைச்சேன். எந்திரிச்சி, வா போவலாம்னு சொல்லப்போறாருன்னு. அவரு எந்திரிக்கவே இல்லை. படுத்த வாக்குலயே கையை நீட்டி அந்தப் பொண்ணு புடவையைப் புடிச்சி இழுத்தாரு. அது என்ன புரிஞ்சிக்கிச்சோ, இதுவும் இந்த ஊரு சம்பிரதாயம் போலிருக்குன்னு குழந்தையை எறக்கி விட்டுட்டு அதுவும் விழுந்துச்சு. சுத்தமா, நெத்தி தரையில படற மாதிரி.

உங்களுக்குக் கோயில் கதை தெரியுமில்ல? காரைக்கால் அம்மையாரு ஒரு வியாபாரியோட பொண்டாட்டி. வீட்டுல இருந்த மாம்பழத்தைப் பசியோட வந்த அடியாருக்குப் போட்டுட்டாங்க. புருஷன் வந்து பழம் கேட்டான், சாமியை வேண்டினாங்க, கையில பழம் வந்து விழுந்துச்சு. அவன் பயந்துட்டான். இவ மனுஷி இல்லைடாப்பான்னு கப்பலேறிப் போயி, பாண்டி நாட்டுல வேற ஒரு கல்யாணம் பண்ணிக்கிட்டான். பொண்ணு பொறந்துச்சு, முதல் பொண்டாட்டி பேரையே அதுக்கு வச்சான். சொந்தக்காரங்க அம்மையாரைப் பல்லக்குல வச்சி அவன்கிட்ட கொண்டு போனா, புதுப் பொண்டாட்டி பிள்ளையோட வந்து கால்ல விழுந்துட்டான். இவங்க தெய்வம்னு சொல்லிட்டான். திருவிழாவுல அந்த ரெண்டாவது கல்யாணத்தையும் நடத்தறாங்க சார், மேளதாளத்தோட. நானே எத்தனையோ வருஷம் நின்னு பாத்துட்டு பிரசாதம் வாங்கியிருக்கேன். ஒரு நாளும் அதைப் பத்தி யோசிச்சதில்லை.

அந்த ஊரு ஜனத்துக்கு இது அத்தனையும் மனப்பாடம். மெலிஞ்சி நிக்கற ஒரு பொண்ணு, கடல் தாண்டிப் போயி வந்த புருஷன், புதுப் பொண்டாட்டி, பொம்பளப் பிள்ளை, கையில மாம்பழம். அதுவும் சாமி இப்பத்தான் தெருவைக் கடந்திருக்கு. வேற என்ன வேணும்? யாரோ ஒருத்தி 'அம்மா'ன்னு ஒரு குரல் குடுத்தா. தெரு மொத்தமும் குடுத்துச்சு.

இவ 'எந்திரிங்க, எந்திரிங்க'ன்னு சொல்றா. நான் பக்கத்துல நின்னவன், எனக்கே சரியா கேக்கலை. சம்பந்தியம்மா இருக்காங்களே, லேசுப்பட்ட ஆளு இல்லை. ஒரு நிமிஷம் முழிச்சாங்க. அப்புறம் அந்தக் கற்பூரத் தட்டை எடுத்துக்கிட்டு எறங்கி வந்து, என் பொண்ணுக்கு மூணு சுத்து சுத்தினாங்க. பக்கத்துல எவளோ குழந்தைக்குப் பேரு என்னன்னு கேட்டா. 'இவ பேருதான், தையல்நாயகி'ன்னு சம்பந்தியம்மா கண்ணுல தண்ணியோட சொன்னாங்க. அதைக் கேட்டு ஜனம் அழுதுச்சு சார். குழந்தை கூட்டத்தைப் பாத்து மெரண்டு ஓடுச்சு. அது அம்மா தரையிலேருந்து தலையைத் தூக்கி 'எலோடி, எலோடி'ன்னு பிள்ளையைப் பேரு சொல்லிக் கூப்புட்டுச்சு. அது யாரு காதுலயும் விழலை. என் காதுல விழுந்துச்சு.

நான் அப்ப என்ன பண்ணினேன்னு கேப்பீங்க. எங்க வீட்டுலயும் கேக்கப் போறா. கேள்வி கேக்கறப்ப நடுவுல பேசக்கூடாதுன்னு அவதானே சொல்லியிருந்தா, அதனால பேசலை. பேசணும்னு நெனைச்சேன். ஆனா கை ரெண்டும் தானா தலைக்கு மேல போயிடுச்சு சார். சத்தியமா தானாத்தான். கற்பூர வெளிச்சத்துல அவ மூஞ்சியைப் பாத்தா எனக்கே என் பொண்ணு மாதிரி தெரியலை. ஒரு நிமிஷம் பெருமையாக்கூட இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. அவ என்னைப் பாத்தா. கும்புட்டுக்கிட்டு நிக்கறதைப் பாத்தா. அதுக்கப்புறம் அவ எந்திரிங்கன்னு யாரையும் சொல்லலை.

அப்புறம் என்ன, வரிசை கட்டிட்டாங்க. குங்குமம் வைக்கறாங்க, பூவைப் போடறாங்க, புள்ள வரம் கேக்கறாங்க. புள்ள வரம், அவகிட்ட. அந்தச் சந்தடியில மாப்பிள்ளை எப்ப எந்திரிச்சாரு, எப்ப உள்ள போனாருன்னு தெரியலை. கதவு சாத்தியிருந்துச்சு.

ஹமீது மரைக்காயர்தான் கூட்டத்தை வெலக்கிட்டு வந்து, 'வாம்மா, கடைக்குள்ள வந்து உக்காரு, சாப்புட்டியா'ன்னாரு. நாள் பூரா அந்தக் கேள்வியைக் கேட்டது அவரு ஒருத்தருதான். பன்னும் டீயும் வாங்கியாந்து குடுத்தாரு. ஜனம் கடை வாசல்ல கையைக் கூப்பிக்கிட்டு நிக்குது. கும்புட்டுக்கிட்டு நிக்கறவங்க எதிர்ல எப்படி சார் பன்னைக் கடிக்கறது? டீயில ஆடை கட்டிப்போச்சு. அவரு ரெண்டு தடவை தொரத்தி விட்டாரு, திரும்பத் திரும்ப வந்து நின்னாங்க.

சாயந்தரம் நான் மட்டும் போயி கதவைத் தட்டினேன். நாலு கேள்வி நறுக்குன்னு கேட்டுடணும்னுதான் போனேன். மரைக்காயரு அப்பவே சொன்னாரு, 'கால்ல விழுந்துட்டாரே கலியமூர்த்தி, இனிமே அவருகிட்ட என்னாத்த கேப்பீங்க'ன்னு. அப்பவும் போனேன். சம்பந்தி கதவைத் தொறந்து என் கையைப் புடிச்சிக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. தெய்வத்தைப் பெத்த கையாம். அப்ப அவளை உள்ள அழைச்சி ஒரு வாய் சோறு போடக்கூடாதான்னு கேட்டேன். தெய்வத்தை மனுஷங்க குடியிருக்கற வீட்டுக்குள்ள எப்படிங்க கூப்புடறதுங்கறாரு. வருஷா வருஷம் திருவிழாவுக்குக் கூட்டிக்கிட்டு வாங்க, நாங்களே மாலை வாங்கி வைக்கறோம்ங்கறாரு.

மாப்பிள்ளை பின்னால நின்னாரு. வாயைத் தொறந்து பேசினாரு, அதுக்காகவாவது சந்தோஷப்படணும். என்ன சொன்னாரு தெரியுமா? 'மாமா, அம்மாவை நல்லபடியா பாத்துக்குங்க'ன்னாரு. அம்மா. என் பொண்ணைத்தான் சொல்றாரு. தாலி கட்டின பொண்ணை.

அடிச்சா திருப்பி அடிக்கலாம். திட்டினா திட்டலாம். ஏமாத்தினான்னா போலீஸுக்குப் போவலாம். கும்புட்டா என்ன சார் பண்றது? சொல்லுங்க. ஸ்டேஷன்ல போயி, என் பொண்ணு கால்ல விழுந்துட்டான்னு எழுதிக் குடுக்க முடியுமா? பந்தோபஸ்துக்கு நின்ன போலீஸ்காரரே தொப்பியைக் கழட்டிட்டுக் கும்புட்டாரே.

அதான் யோசிக்கறேன். ஒரேயடியா முடிஞ்சிடுச்சுன்னு எப்படிச் சொல்றது? அவரு முடிஞ்சிதுன்னு சொல்லலையே. வேண்டாம்னு ஒரு வார்த்தை வரலையே. கால்ல விழறவன் மனசுல பயம் இருக்கு, பயம் இருக்கற எடத்துல பாசம் திரும்பி வரும். இந்தப் பழம் அவரு கையால வந்தது. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, வீட்டுல போயி சாமிகிட்ட வச்சிட்டு, நாளைக்கு அவளைத் தலைக்குக் குளிச்சிட்டு சாப்புடச் சொல்லணும். யாரு கண்டா? உங்களுக்குத் தெரிஞ்சவங்க பிரெஞ்சு ஆபீஸுல யாராவது இருக்காங்களா சார்? இல்லை, சும்மாத்தான் கேட்டேன்.

அம்பகரத்தூர் தாண்டிடுச்சா? இருங்க, எந்திரிச்சி வர்றா. கையை எடுக்காதீங்க சார், அவளுக்குப் புடிக்கலை. என்னம்மா? தண்ணி வேணுமா? பழமா? அது பூஜைப் பழம்மா, சும்மா திங்கற பழம் இல்லை, அது மாப்பிள்ளை கையால, வேண்டாம் தையலு, பேரளத்துல எறங்கி இட்லி வாங்கித் தரேன். சார், அவளைக் கொஞ்சம் சொல்லுங்க. பையை விடும்மா, கிழிஞ்சிடப் போவுது.

பாருங்க சார். நின்னுக்கிட்டே, தோலைக்கூட உரிக்காம கடிக்கறா. பஸ்ஸே பாக்குது. முழங்கை வழியா சாறு ஒழுவுது பாருங்க. மெதுவாம்மா, பொறை ஏறப்போவுது. பின்சீட்டுப் பொம்பளை ஒண்ணு அவகிட்ட ஆசீர்வாதம் வாங்க எந்திரிச்சி வந்துச்சு, இதைப் பாத்துட்டு உக்காந்துடுச்சு. கொட்டையை எறிஞ்சிடாதம்மா, கொல்லையிலயாவது நட்டு வப்போம், அடக் கடவுளே. ஜன்னல் வழியா வெளிய போட்டுட்டா.

துண்டா? இந்தா. தொடைச்சிக்க. நெத்தியை ஏம்மா தொடைக்கற, அது சாமி குங்குமம். தையலு.

என்னம்மா சொல்ற? காலையிலேருந்து எல்லாரும் கால்ல விழுந்தாங்க, ஒருத்தரும் சோறு போடலைங்கறா சார். சரிம்மா, தப்புதான். அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? என்னது? கேட்டீங்களா சார், என்ன கேக்கறான்னு? அவரு சொல்லாட்டிப் போவட்டும், நீங்க சொல்லுங்கப்பா, முடிஞ்சிதுன்னுங்கறா. ஒரு வார்த்தை சொன்னா போதுமாம். அப்பா சொன்னா போதுமாம்.

இப்படித் திடுதிப்புன்னு பஸ்ஸுல வச்சி எப்படிம்மா? வீட்டுக்குப் போயிப் பேசலாம். அம்மாகிட்ட ஒரு வார்த்தை, பங்காளிங்க கேட்டா என்ன சொல்றதுன்னு, நான் இல்லைன்னு சொல்லலையே. கொஞ்சம் பொறு. நிக்காதம்மா, பிரேக் போடுவான், போயி உக்காரு.

போயிட்டா. தலையைச் சாய்ச்சிக்கலை இப்ப, நேரா உக்காந்திருக்கா.

சொல்லிடலாம் சார். ஒரு வார்த்தைதான். தொண்டை வரைக்கும் வருது. ஆறு வருஷமா இந்த வாயால பிரெஞ்சு மாப்பிள்ளை, பிரெஞ்சு மாப்பிள்ளைன்னே சொல்லிட்டேன். இப்ப அதே வாயால எப்படித் தொடங்கறதுன்னுதான் தெரியலை. நீங்க வயசுல சின்னவரா இருந்தாலும் படிச்சவரு மாதிரி இருக்கீங்க. ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்க. இந்தத் துண்டுல பாதி பழச்சாறு, பாதி அவ நெத்திக் குங்குமம். வீட்டுக்குப் போனதும் இதைத் துவைச்சிப் போட்டுடறதா, இல்லை மடிச்சி சாமி மாடத்துல வைக்கறதா?